இருபத்து மூன்றாம் கேபினில் ஏறாதவர்

நான் கெட்டிக்காரனாகத் தெரிகிற வழக்குகளை மட்டுமே இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இந்த ஒன்றை எழுதாமல் நழுவிவிடலாம் என்றுதான் இருந்தேன். எழில்மதி விடவில்லை. "நீங்க எழுதலனா நான் எழுதிடுவேன் சார். நான் எழுதுனா உங்க பேரு இன்னும் கெட்டுப்பூடும்" என்றாள்.

எழில்மதி என் உதவியாளர். மந்தாரக்குப்பத்துப் பெண். நான் அருண்பிரசாத். நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ் தெருக்களில்தான். அது இந்தக் கதைக்குத் தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எழில்மதி வந்ததும் வராததுமாக என் காலைப் பார்த்தாள்.

"சார், ஒரு ஷூவுல கறுப்பு லேஸு, இன்னொண்ணுல காப்பிக் கலரு. ரெண்டு கேஸ ஒரே நேரத்துல பாக்கறீங்களா?"

"வெள்ளிக்கிழமை அறுந்துபோச்சு. கையில கிடைச்சதைக் கட்டிக்கிட்டேன்."

"பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?"

"என் காலை யார் பாக்கப் போறாங்க?" என்றேன். போன் அடித்தது.

பேசியவர் திலகவதி. ஆஸ்பத்திரி பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். கணவர் சுரங்கத்தில் ஃபோர்மேன். மகள் பவித்ராவுக்கு அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். அதற்குப் போட வைத்திருந்த ஆரம் முந்தின நாள் ரோப் காரில் பறிபோய்விட்டது. "போலீஸுக்குப் போனா நகை கோர்ட்டுல கெடக்கும் சார். எடுத்தவங்க யாருன்னு தெரியும். நீங்க பேசி வாங்கிக் குடுத்தாப் போதும்" என்றார்.

ரோப் கார் ஓட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி, மெயின் பஜார், ஆர்ச் கேட், மந்தாரக்குப்பம் என்று நான்கு ஸ்டேஷன். கோயிலுக்கும் மலைக்கும் போகிற சமாச்சாரம் இல்லை, டவுன் பஸ் மாதிரி வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற வண்டி. ஒரு கேபினில் எட்டுப் பேர் உட்காரலாம். கேபின் நிற்காது. ஸ்டேஷனுக்குள் நடக்கிற வேகத்தில் நகரும், கதவு திறக்கும், நாம் ஏறிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்கு அதில் போகிற வழியில் எழில்மதி கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பழனி ரோப் கார்ல போனா முருகன் தெரிவாரு. இதுல போனா யாரு வூட்டு மாடில என்னா வத்தல் காயுதுனு தெரியுது. கேஸுக்கு ஒதவும் சார், எழுதிக்கட்டா?"

திலகவதி வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு ஜோடி என்னை ஒரு நொடி நிறுத்தியது. பச்சைக் கல் பதித்த செருப்பு. வலது காலில் ஒரு கல் விழுந்திருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"பத்தர் மந்தாரக்குப்பத்துல இருக்கார்" என்றார் திலகவதி. "ஆரத்துல ஒரு கல்லு ஆடுச்சு. அதைக் கட்டிக் குடுக்கச் சொல்லலாம்னு டிபன் டப்பாவுல வச்சு, டப்பாவை மஞ்சள் பையில போட்டுக் கொண்டுபோனேன். கையில வச்சிருந்தா கண்ணு விழும்னு காலுக்கடியில வச்சுக்கிட்டேன். இருபத்து நாலாம் நம்பர் கேபின். பஜார் ஸ்டேஷன்ல அந்தக் கூட்டுற பொம்பளை, வீரம்மாளாம் பேரு, ஏறி என் பக்கத்துல உக்காந்துச்சு. ஆர்ச் கேட்டுல எறங்கிடுச்சு. நான் மந்தாரக்குப்பத்துல எறங்கும்போது பாத்தா பையைக் காணோம்."

"கேபின்ல வேற யார் இருந்தாங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"பஜாருக்கு எத்தனை மணிக்கு வந்தது?"

"ஒன்பது பத்து."

அந்த நேரத்துக்கு நானும் அதே லைனில்தான் ஆர்ச் கேட்டுக்குப் போனேன். எதையும் கவனிக்கவில்லை. துப்பறிகிறவன் இருபத்து நாலு மணி நேரமும் துப்பறிந்துகொண்டே இருந்தால் ஊரில் குடியிருக்க முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் எழில்மதி குரலைத் தாழ்த்தினாள். "எட்டு சீட்டு சார். ஏழு காலியா கெடக்குது. வீரம்மாக்கா வாளியும் தொடப்பமுமா வந்து இவங்க பக்கத்துல உக்காந்தாங்களாம். இவங்க பேசாம இருந்தாங்களாம். என்னா பெரிய மனசு."

"வீரம்மாளை உனக்குத் தெரியுமா?"

"எங்க தெருவுக்கு அடுத்த தெரு. தெரிஞ்சவங்கனு சொல்லிச் சிபாரிசு பண்ணல. சீட்டக் கணக்குப் பாருங்க, அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரிதான். என் மூளையும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. திலகவதி பொய் சொல்கிறார், ஆனால் எதை மறைக்க என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட கேள்வி கிடைத்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நிமிர்ந்து நடந்தேன்.

மெயின் பஜார் ஸ்டேஷனின் பொறுப்பாளர் சுபாஷ். அவருடைய ஆபீஸ் அறையில் மூலை நாற்காலியில் வீரம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. வாளியும் துடைப்பமும் கதவோரம் இருந்தன. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார வைத்தவரை இருட்டுகிற நேரத்தில்தான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். இன்று மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய கேட் பாஸ் சுபாஷின் மேஜை டிராயரில் இருந்தது.

"நாளைக்குக் காலைக்குள்ள நகை வரலைனா கான்ட்ராக்டர் பாஸை கேன்சல் பண்ணிடுவார் சார்" என்றார் சுபாஷ். "அப்புறம் இந்த ஊர்ல எந்த கேட்டுலயும் இவங்களுக்கு வேலை கிடையாது. நான் என்ன செய்ய? இருபத்து நாலாம் கேபினை சீட்டுக் கழட்டித் தேடிட்டோம்."

அவரை வெளியே அனுப்பிவிட்டு நான் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எழில்மதி நோட்டைத் திறந்தாள்.

"சொல்லுங்கம்மா. நேத்து என்ன நடந்தது?"

வீரம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துப் பேசினார். "இங்க கூட்டி முடிச்சிட்டு ஆர்ச் கேட்டுக்குப் போவணுங்க. வாளியும் தொடப்பமும் எடுத்துக்கினு ஏறுனேன். உள்ள ஒரு அம்மா உக்காந்துகினு இருந்தாங்க. நான் கால வச்சதும் அவங்க எறங்கிட்டாங்க."

"ஏன் இறங்கினாங்க?"

வீரம்மாள் எழில்மதியை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியாதா என்று கேட்கிற பார்வை.

"நான் ஏறுனா எறங்குவாங்க. முன்னாடியே நான் உள்ள இருந்தா ஏற மாட்டாங்க. எங்காளுங்க எல்லாருக்கும் அப்பிடித்தான். யாரும் எழுதி வக்கல. அஞ்சு மாசமா அப்பிடித்தான் ஓடுது."

"கேபின் நம்பர்?"

"இருவத்தி மூணு. சனிக்கெழம மத்தியானம் நான் தொடைக்க வேண்டிய கேபினு, அதனால நெனப்பிருக்குது."

"இறங்கினவங்க முகம் ஞாபகம் இருக்கா?"

"மொகத்தப் பாக்க மாட்டங்க. நாம பாத்தா எறங்கறவங்களுக்குச் சங்கடமா பூடும். கீழதான் பாப்பேன். செருப்புதான் தெரியும். பச்சக் கல்லு வச்சது. சோத்துக் கைப் பக்கத்துக் கால்ல ஒரு கல்லு இல்ல."

எனக்குள் மணி அடித்தது. திலகவதி இருந்தது இருபத்து நாலில் இல்லை, இருபத்து மூன்றில். இவர் ஏறியதும் அவசரமாக இறங்கி அடுத்த கேபினுக்குப் போயிருக்கிறார். காலுக்கடியில் வைத்த பையை மறந்துவிட்டார். ஏன் இறங்கினேன் என்று சொல்ல வேண்டி வரும் என்பதால் கேபின் நம்பரை மாற்றிவிட்டார். தேடினவர்கள் எல்லாரும் தப்பான கேபினைத் தேடினார்கள். பத்து நிமிடத்தில் வழக்கு முடிந்தது என்று நினைத்து, காலர் தூக்கிவிடாத குறையாக எழில்மதியைப் பார்த்தேன்.

அவள் வீரம்மாளைக் கேட்டாள். "அந்தம்மா எறங்குனத வேற யாருனா பாத்தாங்களாக்கா?"

"ஒரு ஆளு மொத ஆளா நின்னுகினு இருந்தாரு. ஏறுவாருனு வாளிய என் பக்கமா இழுத்து எடம் உட்டேன். அவரு போனு வந்த மாதிரி காதுல வச்சிக்கினு ஒதுங்கிட்டாரு. போனு அடிக்கல. எறங்குன அம்மா அவருகிட்ட என்னமோ சொன்னாங்க."

"அவரு மொகமும் தெரியாதா?"

"ஷூ போட்டிருந்தாருங்க. ஒண்ணுல கறுப்புக் கவுறு. இன்னொண்ணுல காப்பிக் கலரு."

மேஜைக்கடியில் என் கால்கள் தாமாகப் பின்னால் போயின.

எழில்மதியின் பேனா நின்றது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் கிண்டல் செய்தவளே அவள்தான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சொல்லப்போனால் மறந்திருக்கவே இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளத் தகுந்த விஷயமாக எனக்குப் படவில்லை, அவ்வளவுதான். கதவு திறந்தது. துடைப்பத்தின் நுனி தெரிந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தேன். பச்சைக் கல் செருப்பு ஒன்று என் ஷூவுக்குப் பக்கத்தில் இறங்கியது. "தொடப்பத்தோட எப்படிங்க உக்கார்றது, அடுத்ததுல போயிக்கலாம்" என்று ஒரு குரல். நான் சிரித்துக்கொண்டே "ஆமாங்க" என்று தலையாட்டினேன். ஊரில் எத்தனையோ பேரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவன், ஒரு ஆளைப் பார்க்கவே இல்லை. காது மடல் சுட்டது. எங்காவது எழுந்து போய்விடலாம் போல இருந்தது, ஆனால் எழுந்தால் ஷூ தெரியும்.

அதைவிடக் கேவலம், அடுத்து நான் போட்ட திட்டம். பை கிடைத்துவிட்டால் போதும். வீரம்மாள் தப்பித்துவிடுவார். ஷூ போட்ட அந்த ஆளைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.

சுபாஷைக் கூப்பிட்டேன். "காலையில கூட்டம் குறைஞ்சதும் கேபின்களைக் குறைப்பீங்கதானே?"

"ஆமா சார். ஒன்பதே காலுக்கு மேல மந்தாரக்குப்பம் போய்ச் சேர்ற ஒத்தப்படை நம்பர் எல்லாம் ஷெட்டுக்குப் போயிடும். ஞாயிறு ரெட்டைப்படை மட்டும்தான் ஓடும். திங்கட்கிழமை காலையிலதான் வெளிய வரும்."

"சனிக்கிழமை மத்தியானம் ஷெட்ல கேபின்களைத் துடைப்பாங்களே, யார் துடைச்சாங்க?"

"வீரம்மாதான் துடைக்கணும். அவங்களைத்தான் இங்க உக்கார வச்சிருந்தோமே."

"அப்ப யாரும் துடைக்கல" என்றாள் எழில்மதி. பையைக் கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்திருக்கக்கூடிய ஒரே ஆளைத் திருடி என்று இங்கே பிடித்து வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து அவள் பத்து நிமிடம் கிண்டலடித்திருப்பாள். ஷூ விஷயம் வெளிவந்ததிலிருந்து அவள் ஒரு கிண்டலும் செய்யவில்லை. மந்தாரக்குப்பம் போகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஷெட்டில் இருபத்து மூன்றாம் கேபின் மூன்றாவதாக நின்றது. சீட்டுக்கடியில், சுவரோடு ஒட்டி, மஞ்சள் பை. உள்ளே டிபன் டப்பா. டப்பாவுக்குள் ஆரம். ஒரு கல் ஆடிக்கொண்டிருந்தது.

திலகவதிக்குப் போன் செய்தோம். நாங்கள் பஜார் ஆபீஸுக்குத் திரும்பியபோது அவர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். டப்பாவைத் திறந்து பார்த்ததும் ஆரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார். நான் மேஜைக்குப் பின்னால் என் பழைய இடத்தில் உட்கார்ந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

"எங்க சார் இருந்தது?" என்றார் சுபாஷ்.

"இருபத்து மூணுல. சீட்டுக்கடியில."

"அவங்க வந்தது இருபத்து நாலுல. பை இருந்தது இருபத்து மூணுல." சுபாஷ் விரல் விட்டு எண்ணினார். "அப்ப சரியாப் போச்சு சார். கேபின் இங்க நடக்கிற வேகத்துலதானே போகுது. வீரம்மா இருபத்து நாலுல கையை விட்டுப் பையை எடுத்துட்டு, முன்னால போற இருபத்து மூணுல ஏறியிருக்காங்க. சீட்டுக்கடியில தள்ளிட்டாங்க. மத்தியானம் ஷெட்ல துடைக்கிறது அவங்கதான். அப்ப எடுத்துக்கலாம்னு திட்டம். நாம பிடிச்சு வச்சதால நடக்கல."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. காப்பாற்றக் கொண்டுவந்த பை அவர் கழுத்தையே இறுக்கிவிட்டது.

"பக்கத்துல வந்து உக்காந்தாங்கன்னு சொன்னீங்களேம்மா" என்று திலகவதியிடம் கேட்டேன்.

"பதட்டத்துல என்னமோ சொல்லியிருப்பேன். இவர் சொல்ற மாதிரிதான் நடந்திருக்கும். நகை கிடைச்சிடுச்சு, என்னை விட்டுடுங்க."

"பச்சக் கல்லு செருப்புதான்" என்றார் வீரம்மாள், திலகவதியின் காலைப் பார்த்து. உரக்கக்கூடச் சொல்லவில்லை.

"இந்த மாதிரி செருப்பு ஊர்ல ஆயிரம் பேர் போட்டிருப்பாங்க. இதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் திலகவதி.

சுபாஷ் டிராயரைத் திறந்து கேட் பாஸை எடுத்தார். கான்ட்ராக்டருக்குப் போன் போட நம்பர் தேடினார். வீரம்மாள் அந்தப் பாஸில் இருந்த தன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழில்மதி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்து மேஜையைச் சுற்றி முன்னால் வந்து நின்றேன்.

"சுபாஷ், போனை வைங்க. சாட்சி இருக்கு. நேத்து இருபத்து மூணுல ஏறாம ஒதுங்கி நின்ன ஆள் ஒருத்தர் இருக்கார். அது நான்தான்."

சுபாஷ் போனைக் கீழே வைத்தார். நான் திலகவதியிடம் திரும்பினேன். "நீங்க இருபத்து மூணுலேர்ந்து இறங்கும்போது உங்க கையில ஒண்ணும் இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க. 'தொடப்பத்தோட எப்படிங்க உக்கார்றது, அடுத்ததுல போயிக்கலாம்'னு. நான் ஆமாங்கன்னு சொன்னேன். சிரிக்கவும் செஞ்சேன்."

திலகவதி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் ஷூவைப் பார்த்தார்.

சுபாஷ் நல்ல மனிதர். எனக்கு ஒரு வழி செய்து கொடுக்கப் பார்த்தார். "லேடீஸ் தனியா இருந்தாங்கன்னு மரியாதைக்கு ஒதுங்கியிருப்பீங்க சார். நானும் அப்படித்தான்."

தலையாட்டியிருந்தால் போதும். வழக்கும் முடிந்திருக்கும், என் மானமும் மிஞ்சியிருக்கும். ஒரு நொடி அதைத்தான் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்ல சுபாஷ். மரியாதைக்காக ஏறாதது இருபத்து நாலுல. அதுல இவங்க தனியாப் போனாங்க, அதனால அதையும் விட்டுட்டு இருபத்து அஞ்சுல போனேன். இருபத்து மூணுல ஏறாதது துடைப்பத்துக்காக. அதைப் பிடிச்சிருந்தவங்க ஒரு பொம்பளைன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல."

அறைக்கு வெளியே கேபின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. திலகவதி பையைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல சார்" என்றார். "பையை இருபத்து மூணுலதான் விட்டுட்டேன்னு மந்தாரக்குப்பத்துல எறங்கினதுமே தெரிஞ்சுபோச்சு. அவங்க பாத்து எடுக்காமலா இருந்திருப்பாங்கன்னு நெனச்சேன். கேபின் மாறினேன்னு சொன்னா, ஏன் மாறினேன்னு எங்க வீட்டுக்காரர் கேப்பார். என் பொண்ணு கேக்கும். சொல்றதுக்கு எனக்கு வாய் வரல." வீரம்மாளின் பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்றதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

சுபாஷ் எழுந்து நின்று, இரண்டு கையாலும் பாஸை வீரம்மாளிடம் கொடுத்தார். வீரம்மாள் அதை வாங்கி முந்தானையில் துடைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவரை மந்தாரக்குப்பம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று நானும் பிளாட்பாரத்துக்குப் போனேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். எழில்மதி அவர் கையிலிருந்து வாளியை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த ரூமுக்குள்ள வரும்போதே ஷூவைப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தங்க."

"ஏன் நேரா இவர்தான்னு சொல்லல?"

"நான் சொன்னா நான் சொன்னதா பூடும். நீங்க சொன்னாத்தான சாட்சி."

பதினாறாம் நம்பர் கேபின் வந்து கதவு திறந்தது. நான் முதலில் ஏறினேன். வாளி வைக்க இடம் வேண்டுமே என்று காலை ஒடுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். எதிர் சீட்டைக் கையால் தட்டிவிட்டேன்.

வீரம்மாள் அசையவில்லை. இந்த முறை கீழே பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க போங்க சார். நாங்க அடுத்ததுல வரோம்."

எழில்மதி வாளியோடு அவர் பக்கத்திலேயே நின்றாள். எழுந்து இறங்கிவிடலாம் என்று நினைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. எட்டு சீட்டில் நான் ஒருவன். கேபின் ஸ்டேஷனைத் தாண்டி மேலே ஏறியபோது, எழில்மதி ஏதாவது கிண்டலாகக் கை காட்டுவாள் என்று கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் அடுத்து வருகிற கேபினைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.